பெஞ்சில் வைத்த கன்னம்

1

இந்தக் கதை என் அண்ணி கொடுத்தது. அவர் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். எழுதப்போகிறேன் என்றேன். "எழுது தம்பி. ஆனா என்னை ரொம்ப நல்லவளாக்கிடாதே."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: குழந்தைகளின் படைப்பாற்றல் என்பது

(நிறுத்திவிட்டேன். கட்டுரை வாடை.)

டீச்சர்கள் அறையிலிருந்தே தொடங்கலாம். "கற்பனைக்கு எல்லாப் பாடத்துலயும் இடம் இருக்கு" என்றார் ஓவிய டீச்சர். அண்ணி சிரித்தார். "உங்ககிட்ட கலர் பென்சில் இருக்கு. என்கிட்ட இருக்கறது வாய்ப்பாடு. நாலு மூணு பன்னிரண்டை யாராவது கற்பனை பண்ணிப் பதிமூணாக்க முடியுமா?"

(கேட்டபோது நானும் சிரித்தேன்.)

3

அண்ணியின் வகுப்பில் காது கேளாத சிறுமி ஒருத்தி. மற்றவர்கள் வாய்ப்பாட்டைப் பாடும்போது அவள் வாய்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெருக்கல் ஏறவேயில்லை. "வேற பள்ளிக்கு அனுப்பிடலாம். நீங்க சரின்னா போதும்" என்று சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். சரி சொல்லத்தான் அண்ணி டீச்சர்கள் அறையிலிருந்து எழுந்து போனார். வழியில், அவர் வகுப்பிலிருந்து தடதடவென்று சத்தம்.

திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே நுழைந்தார்.

நீள பெஞ்சில் கன்னத்தைப் பதித்து, கண்மூடிக் கிடந்தாள் அந்தச் சிறுமி. சுற்றி நின்ற பிள்ளைகள் பெஞ்சைக் குத்தினார்கள். நான்கு குத்து, நிறுத்தம். நான்கு குத்து, நிறுத்தம். ஐந்து முறை ஆனதும் அவள் நிமிர்ந்து பத்து விரல்களை விரித்தாள். மூடினாள். மறுபடி பத்தையும் விரித்தாள்.

யாரும் கைதட்டவில்லை. அவளுக்காகப் பெஞ்சைத்தான் தட்டினார்கள்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்ல டீச்சர். பெஞ்சு ஆடினா அவ திரும்பிப் பார்ப்பா. அதான்..."

(இந்த இடத்துக்கு உவமை தேடினேன். வானம், கடல், எதுவும் ஒட்டவில்லை. "புல்லரிச்சுப்போச்சு தம்பி" என்றார் அண்ணி. அதுவே இருக்கட்டும்.)

4

அண்ணி தலைமையாசிரியரைக் கையோடு கூட்டிவந்தார்.

"காதை அடைச்சுக்கிட்டுக் கன்னத்தை வைங்க சார்."

"என்னம்மா இது விளையாட்டு?"

ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அத்தனை உயர மனிதர் மடங்கிக் குனிந்தார். இந்த முறை குத்தியவள் அந்தச் சிறுமியே. குத்தி முடித்து, எத்தனை என்று புருவத்தை உயர்த்தினாள்.

[முடிவு ஒன்று: "இவ இங்கேயே படிக்கட்டும்" என்று அவர் கண்

இனிப்பு திகட்டுகிறது. முடிவு இரண்டு: "அழகுதான், ஆனா பரீட்சையில" என்று

இதுவும் நடக்கக்கூடியதுதான்.]

உண்மையில் நடந்ததை அண்ணி சொல்ல வந்தார். நான்தான் தடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இதுவரைதான்: தலைமையாசிரியர் நிமிரவில்லை. எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தார்.

"இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்கம்மா" என்றார், கன்னத்தை எடுக்காமலே.

அண்ணி சைகை காட்டியதும் சிறுமி கையை ஓங்கிவிட்டாள். இனி நீங்கள்தான் எண்ண வேண்டும்.