ஒரு வினைச்சொல்லின் மேல்முறையீடு

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, கேட்டு வாங்கியது. தவெயுனித் தீவில் என் கடைக்குத் தூண்டில் நரம்பு வாங்க வரும் உனைசி, மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மதியம், வழக்கில் தோற்றுவிட்டதாகச் சொன்னாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். 'நீதிமன்றத்துக்கு வெளியே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். தீர்ப்பு வந்த அன்று கடல் தட்டையாகக் கிடந்ததாம்.

2

வழக்கு உனைசியின் கணவன் விட்டுப்போன படகைப் பற்றியது. கணவன் இறந்த மறு வருடம் கொழுந்தன் எமோசி, முறைப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அவள் முன்னால் வைத்து, படகைக் கேட்டான். உறவுக்காரன் அப்படிக் கேட்டால் மறுக்கும் வழக்கம் இங்கே இல்லை. உனைசி சொன்னாள்:

"எடுத்துக்கோ தம்பி."

[தவறு. இப்படி எழுதியதும் வழக்கை நானே அவளுக்கு எதிராகத் தீர்த்துவிட்டேன். 'எடுத்துக்கோ' என்றால் படகு அவனுடையது. அவள் தன் தீவு மொழியில் சொன்னதற்குச் சரியான தமிழ் 'எடுத்துட்டுப் போ'. போனது திரும்பி வரலாம்.]

3

நான்கு வருடம் கழித்து மகள் வீகா மீன்பிடி உரிமம் வாங்கினாள். படகைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பார்களா என்று எமோசி சிரித்தான். உனைசி வழக்குப் போட்டாள். கூண்டில் நின்று அவள் அந்தச் சொல்லைச் சொன்னபோது, மொழிபெயர்ப்பாளர் அதை 'கொடுத்துவிட்டேன்' என்று ஆக்கினார்.* தீர்ப்பு முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல் நின்றது.

(*முதல் வரைவில் அவரை எமோசியிடம் காசு வாங்கியவராக எழுதினேன். கதைக்கு வசதி. உண்மையில் அன்று அவருக்கு அது ஏழாவது வழக்கு; களைத்திருந்தார், அவ்வளவுதான்.)

4

இலவச சட்ட உதவி வக்கீல் சலனியெட்டா ஒளிக்கவில்லை. மேல் கோர்ட்டில் புதிதாக எதுவும் சொல்ல முடியாது, கீழே பதிவானதைத்தான் பார்ப்பார்கள் என்றாள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழும். படகுக்காக இவ்வளவு அலைச்சல் தேவையா என்று கேட்டாள்.

"தோத்தது வலிக்கலம்மா," என்றாள் உனைசி. "நான் சொல்லாததை நான் சொன்னதா எழுதி வெச்சிருக்காங்களே, அதான் வலிக்குது."

விசாரணையின் ஒலிப்பதிவை வாங்கினார்கள். வக்கீலின் அறையில் தன் குரலையே அவள் இரண்டு முறை கேட்டாள். மேல்முறையீட்டில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். பழைய தீர்ப்பு ரத்தானது, மறுவிசாரணைக்கு உத்தரவு. ஆனால் உனைசி சொன்னதன் பொருள் இதுதான் என்று எந்த நீதிபதியும் இன்னும் தீர்ப்பெழுதவில்லை.

5

போன சனிக்கிழமை எமோசி உனைசியின் வீட்டுக்கு வந்தான். வாசலுக்கு உள்ளே, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணி, நீங்க சொன்னது எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது. நாலு வருஷம் ஓட்டினதுல, என்னோடதுதான்னு நெனைக்கப் பழகிட்டேன்."

படகு வாரத்தில் மூன்று நாள் தனக்கு, மூன்று நாள் வீகாவுக்கு, ஞாயிறு யாருக்கும் இல்லை. வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றான். வீகா உள்ளிருந்து தலையாட்டினாள், அவளுக்குச் சம்மதம்.

"இப்ப சொன்னதைக் கோர்ட்டுல சொல்லுவியா?" என்று உனைசி கேட்டாள்.

எமோசி பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊரே உட்கார்ந்திருக்கும், அண்ணி."

அவள் என்ன பதில்

6

அந்த வாக்கியத்தை இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றில் அவள் சரி என்கிறாள், வீகா திங்கட்கிழமை படகை இறக்குகிறாள். மற்றொன்றில் மறுபடி கூண்டில் ஏறுகிறாள். இரண்டையும் அவள் மொழியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ரெண்டுலயும் எனக்காக நீங்கதானே பேசுறீங்க?"

கிழித்துவிட்டேன். மறுவிசாரணை அடுத்த வியாழன். அதுவரை இந்த இடம் காலியாக இருக்கட்டும். பொறுக்க முடியாதவர்கள் நிரப்பிக்கொள்ளலாம். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.