இரும்புக்கையும் இடது பின்கதவும்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அக்கா முதலில் நகம் வெட்டிக்கொள்வாள். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகழுவுவாள். கார்க் கொட்டகையில் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைச் சுருக்கமின்றி விரித்து, தன் பிளாஸ்டிக் நெம்பிகளை அதன்மேல் அளவு வாரியாக அடுக்குவாள். ஒன்று தட்டையாக இருக்கும், ஒன்றின் நுனி வளைந்திருக்கும், இன்னொன்று மீன்வாலைப் போலப் பிளந்திருக்கும். அறுவை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். கத்தியையும் இடுக்கியையும் துணிமேல் அடுக்கிப் பழகிய கைகளோ ஓய்வுபெற மறுத்துவிட்டன. ஒவ்வொரு வாரமும் காரின் உட்புறத்தில் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் கழற்றுவாள், துடைப்பாள், திரும்பப் பொருத்துவாள். கழற்றிய கிளிப்புகள், கதவில் இருந்த அதே வரிசையில், முட்டை அட்டையின் குழிகளில் காத்திருக்கும். மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பாள்.

"உள்ள எதையாவது மறந்து வச்சு மூடிட்டா, நோயாளி நம்மள சும்மா விடுவானா?" என்பாள்.

நோயாளி அவளுடைய அப்பாவின் கார். அப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் காருக்குள் இன்னும் அவர் காலம் மிச்சமிருந்தது. டோர் பேட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கதவின் உள்ளுறையை நெம்பி எடுக்கும்போதெல்லாம், வெயிலில் காய்ந்த ரெக்சினும் பழைய பஞ்சும் கலந்த ஒரு வாசனை எழும். அந்த வாசனையில் அவளுக்குப் பத்து வயது திரும்பும். அப்பா சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுவார். இடப்பக்கப் பின்சன்னல் அம்மாவுக்கு; கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு, கூந்தல் பறக்க, கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் குடிப்பாள். நடுவில் தம்பி, பாட்டுப் பைத்தியம். வலப்பக்கம் அக்கா. சாலையோர மரங்கள் காருக்குள் நிழலை வீசி வீசி எடுத்துக்கொள்ளும். ஒரு வாரம் இருக்கையின் அடியில் அம்மாவின் கொண்டை ஊசி கிடைத்தது. இன்னொரு வாரம் தம்பி விழுங்கிவிட்டதாக நம்பி வீடே அழுத கோலிக்குண்டு கிடைத்தது.

இப்படிக் காரின் ஒவ்வொரு மூலையையும் திறந்து பார்த்தவள், அம்மாவின் சன்னல் இருந்த அந்த இடது பின்கதவை மட்டும் தொட்டதே இல்லை.

அதற்குக் காரணம் அவள் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். எறும்புத் தலையளவு திருகாணியை மூச்சுக்கூட விடாமல் முடுக்கக்கூடியவர். திருமணமான புதிதில், மாமியாரின் சன்னலை இறக்கிக் கொடுக்கலாம் என்று அவர் கைப்பிடியைச் சுற்றியபோது, கதவுக்குள் 'கடக்' என்று ஏதோ முறிந்தது. கைப்பிடி வெறுமனே சுழன்றது; கண்ணாடி மேலேயே நின்றுவிட்டது. டோர் பேட் கதவோடு ஒட்டிக்கிடக்கிறது, இழுத்தால் கிழியும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு இரும்புக்கை!" என்று அப்பா சிரித்தார். அவ்வளவுதான். அன்று முதல் குடும்பத்தில் குழாய் ஒழுகினாலும் நாற்காலிக் கால் ஆடினாலும் "இரும்புக்கை வந்துட்டுப் போனாரா?" என்பது பேச்சாயிற்று. அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் மாமியார் வீட்டு உறவுகளின் நடுவே அவர் கைகள் எப்போதும் மடியிலேயே இருக்கும்.

கதவைத் திறந்து பார்த்தால் உண்மையிலேயே அவர் கைதான் முறித்தது என்று தெரிந்துவிடுமோ? கேலி மெய்யாகிவிடுமோ? அக்கா பயந்தது அதற்குத்தான்.

பயத்தைக் கோபம் வென்றது போன வாரம். தம்பிக்குப் பேத்தி பிறந்திருந்தாள். துணியில் சுற்றிய குழந்தையை வாங்கிக்கொள்ள அவர் கைநீட்டியபோது, அம்மா வழக்கம்போல, "பாத்து மாப்பிள்ளை, இரும்புக்கை!" என்றாள். தம்பி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நீட்டிய கைகளை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டாம், கை கழுவல" என்றார். கழுவியிருந்தார்; அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை இடது பின்கதவின் முறை. அம்மாவைச் சில மாதங்கள் தன் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த தம்பி, கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். அம்மா நாற்காலியில் தேநீரோடு அமர்ந்திருந்தாள். கணவர் எட்டத்தில் நாளிதழுக்குப் பின்னால் இருந்தார்.

"இப்ப எதுக்குக்கா இதப் பிரிக்கிற? மூடின கதவு மூடினபடியே இருக்கட்டுமே" என்றான் தம்பி.

"நோய் என்னன்னு தெரிய வேணாமா?"

"சரி, அப்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் குடு. ஒரே நெம்பு, வேலை முடிஞ்சுது. நீ என்னமோ பிள்ளைக்குப் பால்பல்லு புடுங்கற மாதிரி..."

"இரும்ப உள்ள விட்டா தகரத்துல கீறல் விழும், கிளிப்பு ஒடியும். பிளாஸ்டிக்குன்னா அது வளையும், கதவு பிழைக்கும். நீ பேசாம நில்லு."

கைப்பிடிக்குப் பின்னால் துணியை நுழைத்து இப்படியும் அப்படியும் இழுத்தாள். உள்ளிருந்த கம்பி வளையம் தெறித்து விழ, கைப்பிடி கையோடு வந்தது. கைதாங்கியின் திருகாணிகளைக் கழற்றினாள். பிறகு கீழ்மூலையில் தட்டை நெம்பியை நுழைத்தாள். மற்றக் கதவுகளில் இந்நேரம் 'டப்' என்று முதல் கிளிப் விடுபட்டிருக்கும். இங்கே சத்தமே இல்லை.

"கிளிப்பே இல்லையே. பசை போட்டு ஒட்டியிருக்கு!" என்றாள்.

தம்பி தூணிலிருந்து நிமிர்ந்தான். "அக்கா, விட்டுடு. கிழிஞ்சிடும்."

"கிழியாது." தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து ஓரத்துக்குச் சூடு காட்டினாள். பசை இளகியது. மெல்லிய நெம்பியை நகத்தளவு நுழைப்பாள், சூடு காட்டுவாள், இன்னும் நகத்தளவு நகர்த்துவாள். அம்மாவின் தேநீர் ஆறிப்போனது. நாளிதழின் பக்கம் நெடுநேரமாகத் திரும்பவில்லை. ஒருவழியாக உறை முழுதாகக் கழன்று படுக்கைவிரிப்பின்மேல் மல்லாந்தது.

தகரமெங்கும் ஸ்க்ரூடிரைவரின் பழைய கீறல்கள். ஒடிந்த கிளிப்புகளின் தலைகள் துளைகளிலேயே கிடந்தன. ஓரத்தில் கோணலாக வெட்டப்பட்ட ஒரு வட்ட ஓட்டை; அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாய் ஒரு ஸ்பீக்கர் வயர் தொங்கியது. அக்கா உள்ளே டார்ச் அடித்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் இரும்புக் கரத்தின் பாதையில், விரல் நீளத் திருகாணி ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது. கரம் அதில் மாட்டித்தான் முறிந்திருந்தது.

வளைந்த நுனியால் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினாள். "எவனோ ஆபரேஷன் பண்ணிட்டு, வயித்துக்குள்ள கத்திரிய விட்டுட்டுத் தச்சிருக்கான்" என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். அந்தக் குடும்பத்தில் காருக்குள் ஸ்பீக்கர் வேண்டும் என்று அழுதவன் ஒருவன்தான்.

மரங்கொத்திக்கும் புறாவுக்கும் ஒரு கதை உண்டு. மரங்கொத்தி நாள்தோறும் ஒரே கிளையைக் கொத்தியது. கிளை முறிந்த அன்று, பாவம், அதன்மேல் வந்து உட்கார்ந்தது புறா. காடே அதற்குக் 'கனத்த புறா' என்று பெயர் வைத்தது. புறா அதன்பின் கிளையில் உட்காராமல் தரையிலேயே மேயலாயிற்று. மரங்கொத்தியும் மற்றவற்றோடு சேர்ந்து சிரித்தது. சிரித்த சிரிப்பு அதன் தொண்டையில் எப்படி இறங்கியது என்று காட்டில் யாரும் கேட்கவில்லை.

தம்பியின் முகத்தில் இப்போது அதற்கு விடை தெரிந்தது. "நான்தான்க்கா," என்றான். "உன் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. அப்பா வெளியூர் போயிருந்தப்ப. ஸ்பீக்கர் உள்ள கொள்ளல. கண்ணாடில இடிச்சுது. எடுத்துட்டேன். அந்த ஸ்க்ரூ மட்டும் சுத்திச் சுத்திப் பாத்தும் வரல. கிளிப்பெல்லாம் ஒடிஞ்சுது, பசையத் தடவி அமுக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கண்ணாடிய முதல்ல இறக்கப் பாத்தது அத்தான்தான். அத்தான் சுத்தினப்ப சத்தம் கேட்டுச்சே, அப்பவே எனக்குத் தெரியும். சொன்னா அப்பா வீட்டுல பாட்டே கூடாதுன்னுடுவாருன்னு பயம். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க... அத்தானும் சிரிச்சாரு. சரி, போகட்டும்னு இருந்துட்டேன்."

"சிரிச்சாரா! நீ அவரு மூஞ்சியப் பாத்தியா, கையப் பாத்தியாடா?"

கணவர் நாளிதழை மடித்துவைத்தார். "விடும்மா. சின்னப் பையன் செஞ்சது. பழைய கதை."

"நீங்க சும்மா இருங்க! சின்னப் பையனா? தாத்தா ஆயிட்டான்."

அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "பேரு வச்சது உங்கப்பா. அதை ஊரெல்லாம் கொண்டுபோனது நான்தானே. மாப்பிள்ளை, நான் தெரியாம..." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். அவர் எழுந்து வந்து, கீழே விழவிருந்த தேநீர்க் கோப்பையை அவள் மடியிலிருந்து எடுத்தார். "ஆறிடுச்சு அத்தை. வேற போட்டுத் தரேன்" என்றார்.

தம்பி அவர் முன்னால் வந்து நின்றான். "அத்தான், என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சாச்சு. போ."

"அது எப்படி?" என்றாள் அக்கா. "கேலி பண்ணது குடும்பம் பூரா. மன்னிப்பு மட்டும் கொட்டகைக்குள்ளயா?"

தம்பி சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தான். சித்தப்பாக்களும் அத்தைகளும் அவர்களின் பிள்ளைகளும், காலை வணக்கத்தைத் தவிர வேறெதுவும் அனுப்பாத மாமாவும் இருக்கும் குடும்பக் குழுவைத் திறந்தான். வாயருகே வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேசிப் பதிவு செய்தான். "எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளைக்கு முன்னாடி, நம்ம காரு சம்பந்தமா ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு..."

"நடந்துபோச்சா?" என்றாள் அக்கா. "அதுக்குக் காலு முளைச்சு அதுவா நடந்துச்சா? அழிச்சுட்டு மறுபடி பேசு."

அழித்தான். இம்முறை கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான் பேசறேன். அப்பா காரோட பின்கதவை உடைச்சது அத்தான் இல்ல. நான். ஸ்பீக்கர் வைக்கிறேன்னு கதவைப் பேத்து, உள்ள ஸ்க்ரூவ விட்டுட்டு, பசை போட்டு மூடினேன். பழி அவரு மேல விழுந்தப்ப வாயைத் திறக்கல. உங்களோட சேர்ந்து நானும் சிரிச்சேன். இத்தனை வருஷமும் அவரு எங்க யாரையும் திருப்பி ஒரு வார்த்தை சொல்லல. இனிமே அவர யாரும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிடணும்னா, அந்தப் பேரு எனக்குத்தான் சேரும், என்னைக் கூப்பிடுங்க."

விரலை எடுத்தான். செய்தி போய்ச் சேர்ந்தது. பிறகு அவன் படுக்கைவிரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கேட்காமல், மெல்லிய நெம்பியை எடுத்து, தான் தடவிய பழைய பசையைத் தகரத்தில் கீறல் விழாமல் சுரண்டத் தொடங்கினான்.