மூட்டைக்காரியின் முதுகில் ஏறிய வெயில்

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாக ஸ்டூடியோவுக்குள் வந்த வெயில், வந்த வழியே திரும்பாமல், மூட்டைக்காரியின் முதுகில் ஏறி அவளோடு படியிறங்கிப் போய்விட்டது. வெல்டிங் பட்டறைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில் படமெடுத்துப் பிழைத்த படக்காரிக்கு முதலீடு என்று இருந்தது அந்த வெயில்தான். ஃப்ளாஷ் அவளுக்கு ஆகாது. முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும் என்பாள். ஜன்னலுக்கு ஒரு மெல்லிய திரை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு தெர்மாகோல் பலகை, நடுவில் கட்டில். இவற்றை வைத்துக்கொண்டே, கட்டின புருஷனுக்கு முன்னால்கூடக் கூசிச் சுருங்குகிற பெண்களை, அவர்களே அசந்துபோகும்படி எடுத்துக் கொடுத்துவந்தாள்.

மூட்டைக்காரி சிமெண்ட் கிடங்கில் இருபது வருஷம் சுமை தூக்கியவள். முதுகை மட்டும் எடுக்கச் சொன்னாள். யாருக்குக் கொடுக்க என்று கேட்டதற்கு, "யாருக்கும் இல்ல தங்கச்சி. ஊரே இது மேல சுமை ஏத்தியிருக்கு, நான் மட்டும் இதப் பார்த்ததில்ல" என்றாள். படக்காரி அவளை ரவிக்கையில்லாமல் கட்டிலில் உட்காரவைத்து, பக்கவாட்டில் வெயிலை விட்டாள். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் எதையும் மறைக்காது. தோளில் காய்த்த மேடும் நடுமுதுகுப் பள்ளமும் எழும்பி நின்றன. நிழல் ரொம்பக் கறுத்ததால் கண்ணாடியையும் பலகையையும் எதிரெதிரே நிறுத்தி, வெயிலை நடுவில் போட்டு உருட்டினாள். வேலை முடிந்ததும் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். அன்றைக்கு மறந்தாள். வெளியேற வழி தெரியாமல் முட்டி மோதிய வெயில், எழுந்து போகிற ஆளைப் பிடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து தெருவில் கொளுத்திய வெயில் ஜன்னல் விளிம்போடு நின்றது. உள்ளே இருட்டு. புதன்கிழமை எடுத்த முதுகுப் படமும் வெறும் வெள்ளை. படக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தாள், திரையைக் கிழித்தெறிந்தாள். வந்த பெண்கள் வாசலிலேயே திரும்பினார்கள். இப்படியே போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"என்னக்கா, கடையச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கியா?" என்று கீழேயிருந்து வெல்டர் கேட்டான்.

"வெயில் ஓடிப்போச்சுடா."

"யாரோட?" என்றான், தலையைத் தூக்காமல்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. கிடங்குக்கு ஓடினாள். அங்கே கடைக்கோடி இருட்டில் சுமை எடுக்கிறவர்கள் எல்லாரும் மூட்டைக்காரிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்கள்; அவள் ரவிக்கைக்குள்ளிருந்து வந்த வெளிச்சத்தில் கால் வைக்கிற இடம் தெரிந்தது. பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தான்.

"குடுத்துடுங்கக்கா, அது என் பொழப்பு."

"நானா புடிச்சு வச்சிருக்கேன்? எடுத்துக்க."

படக்காரி அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து, ரவிக்கையைக் கழற்றச் சொல்லி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். வெயில் பிடரிக்கு ஓடியது, இடுப்புக்கு இறங்கியது, ஆளைவிட்டு மட்டும் போகவில்லை. "கனமில்லாம இந்த முதுகுல ஏறுனது இது ஒண்ணுதான்," என்றாள் மூட்டைக்காரி. "இறங்க மனசில்ல போல." அவள் ரவிக்கையை எடுக்கத் திரும்பியபோது, படமெடுக்க வந்து காத்திருந்து சலித்துக் கட்டிலில் சாய்ந்திருந்த தையல்காரி ஒருத்தியின் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. படக்காரி கேமராவை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கிடங்கில் அரைநாள், ஸ்டூடியோவில் அரைநாள் என்று மூட்டைக்காரிக்கு ஆனது. சுவரைப் பார்த்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். புருஷனோடு சண்டை போட்டு வந்த நாளில் வெளிச்சம் சுள்ளென்றிருக்கும்; எலும்பெடுப்பான முகங்களுக்கு அது நல்லது. கண்ணயர்ந்தால் தணிந்துவிடும், சுருக்கத்துக்கு அஞ்சுகிறவர்களை அப்போது கூப்பிடுவார்கள். அது ஒரு இடத்தில் நிற்காது என்பதால் படக்காரியும் முக்காலியைச் சுற்றி ஓடிக்கொண்டேயிருந்தாள். மூட்டைக்காரியின் முதுகை எடுத்தால் மட்டும் எத்தனை தடவை எடுத்தாலும் வெள்ளைதான் விழுந்தது.

வருஷங்கள் போய், சுவர் நிறையப் படங்கள் சேர்ந்தபின் ஒருநாள் மூட்டைக்காரி அவற்றின் முன்னால் நின்றாள். தையல்காரியின் கன்னத்தில் சின்னதாக ஒரு நிழல். அது தன் தோளில் காய்த்த மேடு. ஒரு நர்ஸின் மார்புக்குக் குறுக்கே இறங்கிய இருட்டு, தன் நடுமுதுகுப் பள்ளம். விரலை வைத்து ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"இவ்வளவு அகலமா இருக்கா என் முதுகு," என்றாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அடுத்த ஆளக் கூப்பிடு தங்கச்சி. வெயில் இடுப்புக்கு இறங்கிட்டா அப்புறம் ஏறாது."