கையெழுத்துக்கு முன்னால் ஒரு மாத்திரை

"எங்கப்பாவுக்குப் பயம், டாக்டர். முதல்ல மயங்க ஏதாவது குடுத்துடுங்க. சம்மதக் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கலாம்."

பயம் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே என்று வழியெல்லாம் மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார் அப்பா. பன்னிரண்டாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். கூட்டாளிகள் வைத்த பெயர் பல்லி. அந்தப் பல்லிதான் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த இரண்டு தடவையும் கட்டிலிலிருந்து குதித்து, முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு வீடு வந்து சேர்ந்தது. இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள்.

"மானத்த வாங்கிட்டியே! உன்னைப் படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்ச" என்று பல்லைக் கடித்தார் அப்பா.

"உயிர் போனப்புறம் மானத்தை எங்க வெச்சுப்பீங்க?"

மயக்க மருத்துவர் பேனாவை மூடினார். மகள் சண்டைக்குத் தயாரானாள். இந்தக் கட்டடத்தில் ஒரு கவுண்ட்டரிலாவது அவளுக்கு மரியாதையான பதில் கிடைத்ததில்லை. அந்த டாக்டரம்மாவோ நாற்காலியை இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"மாத்திரை தரலாம். பயத்துக்குத்தானே அது இருக்கு? ஆனா அது உள்ள போனப்புறம் நீங்க போடற கையெழுத்து செல்லாது. பயந்துக்கிட்டே போடுங்க, பரவாயில்ல. புத்தி தெளிவா இருக்கும்போது போடுங்க. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. குதிச்சு ஓட வேணாம், நடந்தே போகலாம்."

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பாவை ஏமாற்றியாவது படுக்கவைக்கத்தான் அவள் துடித்தாள். இத்தனை வருடத்தில் 'உங்களுக்குச் சம்மதமா' என்று அவரிடம் யாரும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

"என்ன பயம்?" என்றார் டாக்டர்.

"மேல தொங்கும்போது கயித்த நான்தான் கட்டுவேன், டாக்டரம்மா." அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இங்க அது யார் கையிலன்னே தெரியல."

"என் கையில. நீங்க கண் முழிக்கிறவரைக்கும் நகர மாட்டேன். குறட்டை உண்டா?"

"லேசா..."

"தெருக்கோடி வரைக்கும் கேக்கும்" என்றாள் மகள்.

டாக்டர் சிரித்துவிட்டு, அவ்வளவு குறட்டை விடுகிறவருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கக் கூடாதென்று மருந்தின் அளவைக் குறைத்து எழுதினார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது. ஆனால் ஓரெழுத்து குறையவில்லை. அதற்கப்புறம்தான் மாத்திரை, ஒரே ஒரு மடக்குத் தண்ணீர்.

"வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். நர்ஸ் கூடவே இருப்பாங்க. பொண்ணும் இருக்கட்டும்."

"ஐயோ, வேணாம். இவ இருந்தா நான் தைரியசாலியா நடிக்கணும்!"

கட்டிலைக் காவல் காக்கவென்றே லீவு போட்டு வந்தவள் அவள். அந்தக் கோணல் கையெழுத்தைப் பார்த்தபோதே காவல் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.