நவம்பர் பதினெட்டு, பத்து நாற்பத்திரண்டு

மூன்று கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச மறுத்தால் பதினான்கு ரத்தப் பரிசோதனை லேப்களில் எத்தனை பேர் கத்துவார்கள் என்பது அன்று காலை பதினொரு மணிக்குள் அச்சுதனுக்குத் தெரிந்துபோனது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள அந்த லேப்களின் ரிப்போர்ட்டுகளைத் தேடித் தருவது அந்த மூன்று சர்வர்கள்தான். ரிப்போர்ட்டுகள் பத்திரமாகத்தான் இருந்தன. தேடினால் மட்டும் ஒன்றும் வரவில்லை.

முடிச்சூர் ஃபிளாட்டில் ஹெட்போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தான். மறுமுனையில், தாம்பரம் ஆபீஸிலிருந்து ஹெப்சி. இருவருமாக நெட்வொர்க்கைக் குடைந்தார்கள், சர்வர்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கிளப்பினார்கள், டிஸ்க்கின் மேல் சந்தேகப்பட்டார்கள். ஊரையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு வாசலில் கிடப்பதைக் கடைசியில் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் லட்சணம்.

அவன் முதுகுக்குப் பின்னால் டைனிங் டேபிளில் அக்கா சந்திரிகா எள்ளுருண்டைகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் முன்புதான் அப்பா யக்ஞநாராயணனின் திவசம் முடிந்திருந்தது. அவள் இன்று திருநீர்மலைக்குத் திரும்புகிறாள்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன். செர்டிஃபிகேட் எக்ஸ்பயர் ஆயிடுச்சு," என்றாள் ஹெப்சி.

பேசத் தொடங்கும் முன் ஒரு சர்வர் இன்னொன்றிடம் காட்ட வேண்டிய அடையாள அட்டை அது. கெடு முடிந்த அட்டையைக் காட்டினால், நேற்றுவரை கூடவே வேலை பார்த்ததாயிற்றே என்ற தாட்சண்யம் எல்லாம் அங்கே கிடையாது.

"யார் போட்டது அதை?" என்று எரிந்து விழுந்தான்.

"நீங்கதான் சார். மூணு வருஷம் முன்னாடி, நவம்பர் பதினெட்டு, காலைல பத்து நாப்பத்திரண்டு."

அச்சுதன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

மூன்று வருஷம் முன்பு அதே நாள், காலை பத்து மணிக்கு அக்கா குரோம்பேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அப்பாவுக்கு ரொம்ப மூச்சு வாங்கறதுடா, உடனே வா." சர்வர் வேலையில் கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. பத்தே நிமிஷம் என்று உட்கார்ந்தவன் எழுந்தபோது பத்தே முக்கால். மத்தியானம் செய்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவன் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே அப்பா போய்விட்டார்.

"முடிச்சூர் ரோடு முழுக்க ஒரே டிராஃபிக்," என்று அக்காவிடம் சொன்னான். இந்தப் பக்கத்தில் டிராஃபிக் என்று சொல்பவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. வீட்டில் திதிதான் கணக்கு என்பதால் நவம்பர் பதினெட்டை ஒருவரும் கவனிப்பதும் இல்லை. அதுவும் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆனால் அக்கா அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு திவசத்தன்றும் வாத்யார் கிளம்பியதும் அதையே சொல்லுவாள். "நர்ஸ் ஒன்பதரைக்கே சொன்னா. நான்தான் அரை மணி யோசிச்சேன். அப்பவே கூப்பிட்டிருந்தா நீ அப்பா முகத்தைப் பார்த்திருப்பே." மூன்று நாள் முன்பும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்போதைக்கு அந்த செக்கிங்கையே ஆஃப் பண்ணிடலாமா சார்? லேப்ல எல்லாரும் கத்தறாங்க."

"வேண்டாம் ஹெப்சி. நோயாளிங்க ரிப்போர்ட். யார் வேணா உள்ள வந்து பார்க்கிற மாதிரி ஆயிடும். புதுசாவே போட்டுடலாம்."

புதுச் செர்டிஃபிகேட்டுகளை உருவாக்கி ஒவ்வொரு சர்வரிலும் வைத்தார்கள். மூன்றாவதும் சேர்ந்துகொண்டபோது மணி பன்னிரண்டு பத்து. தேடல் ஓடியது, லேப்கள் அடங்கின.

"காரணம்னு என்ன சார் எழுதறது?"

"நான் போட்டது. தேதி மறந்துபோச்சுன்னு எழுதிடு."

அந்தப் பொய்யும் தங்கு தடையில்லாமல் வந்தது. அவன் மறந்தது செர்டிஃபிகேட்டை; அந்தத் தேதியை ஒரு வருஷம்கூட மறந்ததில்லை. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு டைனிங் டேபிளுக்குப் போனான்.

"அக்கா, அன்னிக்கு டிராஃபிக் எல்லாம் இல்லை. நீ போன் பண்ணினப்புறமும் முக்கால் மணி நேரம் இங்கேயே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தேன். உடனே கிளம்பியிருந்தா வந்திருப்பேன்."

சந்திரிகா டப்பா மூடியைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், ஒருவேளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

"அப்போ... நான் லேட்டா கூப்பிடலையா?"

"இல்லைக்கா. நீ சரியான நேரத்துக்குத்தான் கூப்பிட்டே."

நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கையிலிருந்த மூடியை டேபிளில் வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"மூணு நாள் முன்னாடிகூடச் சொன்னேனேடா. கேட்டுண்டுதானே இருந்தே?"