கால் நீட்ட ஓர் இடம்

அறுபத்திரண்டாம் வருஷம் இலங்கை டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒன்பது பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர் செல்லசாமி, ஆறு பிள்ளைகள், கொழுந்தன் சிவசாமி. லயம் கட்டிய வெள்ளைக்காரன் காம்பராவுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பான். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. இன்னொரு காம்பரா கேட்டு என் வீட்டுக்காரர் மூன்று தடவை தோட்டத்து ஆபீசுக்குப் போனார். "இருக்கிறதுல இருந்துக்க" என்றார்கள். இருந்துகொண்டோம்.

இதற்கு நடுவில் சிவசாமிக்கு உடப்புசல்லாவையில் நாகலெட்சுமி என்ற பெண்ணைப் பார்த்தோம். அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டான். தாயில்லாமல் எட்டு வயதில் என் கைக்கு வந்த பிள்ளை, எனக்கு அவன்தான் மூத்த மகன். முன்பு ஒரு சம்பந்தம், வீடு பார்க்க வந்தவர்கள் தலைகளை எண்ணிவிட்டுப் போனதோடு முறிந்தது. இதுவும் முறிந்தால் அவன் தாங்க மாட்டான்.

ஆகவே பெண்ணின் அப்பா கந்தப்பன் வீடு பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். மூத்ததுகள் நாலையும் விறகுக்கு விரட்டினேன். சின்னதுகள் இரண்டையும் பக்கத்துக் காம்பரா வேலாயியிடம் தள்ளினேன். சாக்கு, கம்பளி, துணிமூட்டை எல்லாம் அங்கேயே போயின. "எனக்கே நிக்க எடமில்லடி" என்று திட்டிக்கொண்டே வாங்கி வைத்தாள், மகராசி.

கந்தப்பன் நல்ல உயரம். குனிந்து உள்ளே வந்தவர் தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க காம்பராவுல பன்னெண்டு பேரு தாயி. எம் மக பொறந்ததுலருந்து முட்டிய மடக்கித்தான் படுத்திருக்கா. போற எடத்துலயாவது கால நீட்டட்டும்னு நெனச்சேன். இது போதும்."

சிவசாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கோ இந்த மனுஷனை ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். என் வாய் எந்தக் காலத்தில் மூடியிருந்தது?

"அய்யா, இது பொய்யிங்க. எனக்கு ஆறு புள்ளைங்க. ஒளிச்சு வச்சிருக்கேன்."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். நானே போய்ச் சின்னதுகள் இரண்டையும் கூட்டி வந்து கந்தப்பன் முன்னால் நிறுத்தினேன்.

அவர் இரண்டையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்ப எம் மக எங்க படுப்பா?" என்றார்.

"சொவரோரமா, என் எடத்துல. நடுவுல சேலையக் கட்டி மறைச்சா, அங்கிட்டு எங்க வீட்டுக்காரரு படுத்துக்குவாரு. நானும் புள்ளைங்களும் இஸ்தோப்புல படுத்துக்குவோம்."

அவர் எழுந்து வாசல்பக்கத்துத் திறந்த தாழ்வாரமான இஸ்தோப்பைப் போய்ப் பார்த்தார். சாரல் அடித்துப் பாதித் தரை நனைந்து கிடந்தது.

"நீ எங்க தாயி கால நீட்டுவ?"

கலியாணமாகிப் பதினைந்து வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத மனுஷன் முன்னால் அழுகிறோமே என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

கந்தப்பன் உள்ளே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

"வைகாசியில நாள் பாருங்க. ஆனா ஒண்ணு. மழ பெய்யுற அன்னிக்கு ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளிய படுக்கணும். நீயும் எம் மகளும் புள்ளைங்களோட உள்ள படுக்கணும். இதுக்குச் சம்மதமா?"

"சம்மதம் மாமா!" என்று முந்திக்கொண்டு சொன்னான் சிவசாமி. டிக்கோயாவில் வருஷத்தில் பாதி நாள் மழை என்பது அந்தக் கிறுக்கனுக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை.