யாரையும் சுடாமல் முந்நூற்றுப் பதினோரு நாள்

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மதியம் இரண்டு மணிவரை எல்மர் நைகார்டுக்கு வேலை இல்லை. பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தி, குளிரில் என்ஜின் உறையாமலிருக்க அதன் ஹீட்டர் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகிவிட்டு வீட்டுக்கு வருவார். காப்பி ஊற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவார்.

கேம் மகளுடையது. சிக்னி அரிசோனாவுக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போனது. அவள் அம்மா அதற்கு முந்தைய வருடமே ஃபார்கோ நகரத்துக்குப் போய்விட்டிருந்தாள், வேறொருவரோடு.

அந்தக் கேமில் ஒரு கொள்ளைக்கூட்டம் உண்டு; ஆடுகிறவர் அதில் ஓர் ஆள். மலை, ஆறு, ரயில் எல்லாம் திறந்து கிடக்கும். எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனாலும் ஆடுகிற எல்லோரும் கூட்டத்தலைவன் சொல்லும் இடத்துக்குத்தான் போவார்கள். அந்தத் தலைவன் முந்நூற்றுச் சொச்சம் நாளாக ஒரு மலையடிவாரத்தில், ஒரு காலைக் கல்லில் ஊன்றியபடி, எல்மர் வந்து பேசக் காத்து நிற்கிறான். எல்மர் போகவில்லை.

நடந்தார். குதிரை இருந்தது. ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். வரைபடத்தை அணைத்துவிட்டு, பழைய பஸ் ரூட் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் தானே வரைந்தார். அப்படி இருபத்தாறு தாள்கள் சமையலறைச் சுவரில் இருந்தன. ஆறுகளுக்கு அவரே பெயர் வைத்தார். கேமில் மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்கி, விடும்வரை நின்றார்.

விதிகள் மூன்று. ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது சிக்னியும் அவரும் சேர்ந்து போட்டவை. மனிதரைக் கொல்லக் கூடாது. நடக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவக் கூடாது. மீறினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல்நாளிலிருந்து தொடங்க வேண்டும். அவளும் அரிசோனாவில் அதே கேமை வாங்கி அதே விதிப்படி ஆடினாள். ஐம்பதாவது நாள் கேமில் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனாள். அப்புறம் ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அவரைக் கேட்பாள்.

"எத்தனாவது நாள்ப்பா?"

"முந்நூத்தி ஏழு."

"யாரையும் போட்டுத் தள்ளலையே?"

"ஒருத்தன் என் குதிரையத் திருட வந்தான்."

"ஐயோ! என்ன பண்ணுனே?"

"ஓடிட்டேன். குதிரை எனக்கு முன்னாடி ஓடிருச்சு."

அவள் சிரிப்பாள். அதன் பிறகு இங்கே எவ்வளவு குளிர், அங்கே எவ்வளவு வெயில். அதன் பிறகு பேச ஒன்றும் இருக்காது. கேம் இல்லாவிட்டால் குளிரும் வெயிலும் மட்டும்தான் என்பது எல்மருக்குத் தெரியும்.

ஷெட்டில் லவோன் அவரைக் கிண்டல் செய்யாமல் விடுவதில்லை. பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள்.

"நைகார்ட், எங்க வீட்டுத் தடியன் அந்த கேமை ஒரே வாரத்துல முடிச்சுட்டான். நீ இன்னும் பூ பறிச்சுக்கிட்டுத் திரியறியா?"

"பூ இல்ல. கொக்கு பாக்கறேன்."

"கொக்கா! சனிக்கிழமை ஏரியில ஐஸைத் துளைச்சு மீன் பிடிக்கப் போறோம். வாயேன். நிஜ மீனு, தொட்டா வழுக்கும்."

"பாக்கலாம்."

"நீ பாக்கலாம்னா வரலேன்னு அர்த்தம். போன வருஷமும் இதையேதான் பாத்தே."

வியாழக்கிழமை, முந்நூற்றுப் பதினோராவது நாள், சதுப்பு நிலத்தில் கொக்குகள் வந்திருந்தன. கேமில் தொலைநோக்கி கிடைக்க வேண்டுமென்றால் தலைவனிடம் போக வேண்டும். அதனால் எல்மர் நீளத் துப்பாக்கியின் மேலிருந்த குழாய்க் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். துப்பாக்கியை அவர் வெளியே எடுப்பது அதற்கு மட்டும்தான். ஏழு கொக்குகள். தாளில் குறித்துக்கொண்டார்.

பாலத்தின் மேல் ஒருவன் வந்தான். நரைத்த மீசை, தோளில் தோல்பை. தொப்பியைத் தூக்கினான்.

"வணக்கங்க. நேத்துக்கு இன்னிக்குக் குளிரு பரவாயில்ல."

எல்மர் எந்த வழிப்போக்கனுக்கும் பதில் சொல்லாமல் போனதில்லை. பட்டனை அழுத்தினார். வெறுங்கையாக இருந்தால் அந்தப் பட்டன் வணக்கம் சொல்லும். கையில் துப்பாக்கி இருந்தால் சுடும்.

கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

அவர் டிவியை அணைத்தார். இரண்டு மணிக்குப் பஸ்ஸை எடுத்தார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரு கையுறைக்காகச் சண்டை போட்டார்கள். அவர் அதட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை டிவியைத் தொடவில்லை. சிக்னி கூப்பிட்டபோது பின்னால் நிறையக் குரல்கள் கேட்டன.

"ஒருத்தனைச் சுட்டுட்டேன்," என்றார். "தெரியாமத்தான். வணக்கம் சொல்லப் போயி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்திலிருந்த யாருக்கோ சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள்.

"அழிக்கணும்," என்றார் எல்மர்.

"எதை?"

"எல்லாத்தையும். விதி இருக்கே."

"எந்த விதி? ஓ, அதுவா? அது சும்மா போட்டதுப்பா. அன்னிக்குக் காலைல சேவ் ஆகியிருக்கும்ல, அங்கிருந்து ஆடு. லூசு மாதிரி முந்நூறு நாளை அழிச்சுக்கிட்டு உக்காராதே, சொல்லிட்டேன்."

"சரி."

போனை வைத்ததும் டிவியைப் போட்டார். வியாழக்கிழமை காலையில் சேவ் ஆகியிருந்த இடத்திலிருந்து தொடங்கினார். சதுப்பில் ஏழு கொக்குகள் நின்றன. பாலத்தில் அவன் வந்தான். தொப்பியைத் தூக்கினான். நேற்றைக்கு இன்றைக்குக் குளிர் பரவாயில்லை என்றான். எல்மர் கை வெறுமையாக இருந்தது. பதில் வணக்கம் சொன்னார். அவன் தோல்பையைச் சரிசெய்துகொண்டு மரங்களுக்குள் போய் மறைந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கொக்குகளுக்கும் தெரியாது. எல்மருக்குத் தெரியும்.

கொஞ்சதூரம் நடந்து பார்த்தார். குதிரை கூடவே வந்தது. ஆற்றோரம் அதை நிறுத்தி, சேணத்தைக் கழற்றினார். பிறகு மெனுவுக்குப் போய் அழித்தார். நிச்சயமாகவா என்று இரண்டுமுறை கேட்டது. இரண்டுமுறையும் ஆம் என்றார்.

சுவரிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்து இழுப்பறையில் வைத்தார். சுவரில் டேப் ஒட்டியிருந்த இடங்கள் வெளுத்துத் தெரிந்தன. திங்கட்கிழமை காலை முதல்நாளிலிருந்து தொடங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில் வந்தது. சிக்னி எங்கோ நடந்தபடி மூச்சு வாங்கப் பேசினாள்.

"சாரிப்பா, பரீட்சை. எத்தனாவது நாளு?"

எல்மர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். அவள் திட்டுவாள், ஏன் அழித்தாய் என்பாள், அதற்கு என்ன சொல்வது என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"ஒன்பது," என்றார்.

"சூப்பர்," என்றாள் சிக்னி. "அங்க குளிரு எவ்வளவு?"

"மைனஸ் இருபத்தி ரெண்டு."

"அம்மாடி! இங்க நான் கைவைக்காத சட்டை போட்டிருக்கேன். சரிப்பா, கிளாஸ் வந்திருச்சு. வைக்கட்டா?"

"வை."

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அடுத்த வாரம் பதினாறு என்பார். அவள் சூப்பர் என்பாள். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. சீக்கிரமே பூட்ஸை மாட்டிக்கொண்டு, லவோன் இருக்கும் ஷெட்டுக்குக் கிளம்பினார்.